பக்கத்து வீட்டுப் பம்பு

முதலில் ஐஸ்பெட்டியைச் சந்தேகித்தேன்.
இரவு இரண்டு மணிக்கு அதன் பிளக்கைப் பிடுங்கினேன்.
விடிந்தால்
தரையெல்லாம் தண்ணீர்,
கெட்டுப்போன சாளை மீன்,
தவமணியின் முகம்.

அடுத்து டிவி. அடுத்து மோடம்.
கூடத்துச் சுவரில் காதை ஒட்டிவைத்து
பல்லி மாதிரி நகர்ந்தேன்.
கடைசியில் ஊய் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
"அங்கிள், உங்க தண்ணிப் பம்பு
ராத்திரியெல்லாம் கத்துது."
ஆயர் ஈத்தாம், பதினான்காவது மாடி.
எழுபது வயது மனிதர், வெற்று மேலோடு நின்று
தலையைச் சொறிந்தார். சரி என்றார்.
மூன்று இரவு பம்பை நிறுத்தி வைத்தார்,
வாளியில் பிடித்துவைத்த தண்ணீரில் குளித்தார்.
மூன்று இரவும் அது கத்தியது.

சில்வண்டு என்று சொல்லிப் பார்த்தேன்.
சில்வண்டு இடையில் மூச்சு வாங்கும்.
குக்கர் என்றேன்.
குக்கரை இறக்கி வைக்கலாம்.
இது முற்றுப்புள்ளி மறந்துபோன வாக்கியம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை.
மீன் கிடங்குக் கதவு மாதிரி கனத்த கதவு.
சாத்தியதும் ஜார்ஜ்டவுன் முழுக்க அணைந்தது.
மோட்டார் இல்லை, காகம் இல்லை,
அது மட்டும்
மேடை கிடைத்த மகிழ்ச்சியில் பாடியது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மஞ்சள் தூடோங் போட்ட ரொஸ்னித்தா
ஒவ்வோர் ஒலியாக அனுப்பினாள்.
இதுவா? இல்லை, இன்னும் மெலிசு.
இதுவா? கொஞ்சம் மேலே.
நகைக்கடையில் மோதிர அளவு பார்ப்பதுபோல.
"இதுதான்!"
கத்திவிட்டேன்.
ஆறாயிரம் என்று எழுதிக்கொண்டாள்.
உலகத்தில் என்னைத் தவிர இன்னொருத்தி
அதைக் கேட்டிருக்கிறாள்.
மூக்கைச் சிந்துவதுபோல் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிறையில் தகரம் வெட்டும் பிரஸ்,
பத்தொன்பது வருஷம்.
காதடைப்பான் சட்டைப்பையிலேயே இருந்தது,
ஃபோர்மன் கூப்பிட்டால் கேட்காதே என்று.
உள்ளே சில நுண்மயிர்கள் சாய்ந்துவிட்டனவாம்.
அங்கிருந்து சேதி வராத இடத்தை
மூளை சும்மா விடாதாம்,
தானே ஒன்றை இட்டு நிரப்புமாம்.
போகுமா என்றேன்.
போகலாம், போகாமலும் இருக்கலாம்.
"அதைக் காவல் காக்காதீங்க" என்றாள்.
"முழு அமைதியில் படுக்காதீங்க.
விசிறியை அதைவிடச் சன்னமாகப் போடுங்க.
மூடி மறைக்க இல்லை,
பக்கத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் ஆறாயிரத்தைத் தேடி
தவமணியின் காதருகே பிடித்தேன்.
வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"இவ்வளவுதானா?"
நான் பதில் சொல்லவில்லை. பிடித்தபடியே நின்றேன்.
ஏழாவது காயில் கத்தி நின்றது.
"போதும், நிறுத்துங்க."
நிறுத்தினேன்.
அவளுக்கு நின்றது.

அன்றிரவு விசிறியை அவளே ஒன்றில் வைத்தாள்,
குளிர்கிறது என்று நாலு மாசம் சண்டை போட்டவள்
போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு.

எல்லா இரவும் அப்படி இல்லை.
ஓவர்டைம் முடிந்து, தூக்கம் கெட்டு வரும் நாளில்
அது வட்டி கேட்க வந்தவன்போல் உட்கார்ந்திருக்கும்.
எழுந்துபோய்ச் சன்னலைத் திறப்பேன்.
கீழே யாரோ லோரியை ரிவர்ஸ் எடுப்பார்கள்.
அது போதும் சில நேரம்.

போன வாரம் ஃபெரியில்
மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில் நின்றிருந்தேன்.
பட்டர்வொர்த் கிட்டத்தில் வந்தபோதுதான் உறைத்தது,
இவ்வளவு கடலும் அதை நினைக்காமல் கடந்திருக்கிறேன்.
உறைத்த கணமே வந்துவிட்டது, கூப்பிட்டாயா என்று.
சிரித்தேன். பக்கத்துப் பையன்
ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றான்.

நேற்று லிஃப்டில் ஊய்.
"புதுப் பம்பு வாங்கிட்டேன், சத்தமே இல்லை" என்றார்.
முந்நூற்று எண்பது வெள்ளியாம்.
"இப்ப தூக்கம் வருதா?"
அது உங்கள் பம்பு இல்லை, நான்தான் என்று சொல்ல
பதினான்கு மாடி இருந்தது.
ஒன்பதில் ஒரு பெண் தள்ளுவண்டியோடு ஏறினாள்.
"வருது அங்கிள்" என்றேன்.
அதில் பாதி உண்மை.
மீதிக்கு ஞாயிற்றுக்கிழமை
அவர் கதவைத் தட்ட வேண்டும்.